வளையாமல் உடைந்த ஷோல்டர் போல்ட்

போன வாரம் நம் மெக்கானிக்மாரின் வாட்ஸ்அப் குழுவில் வட்டவளைப் பக்கத்துத் தம்பி ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். உள்ளங்கையில் இரண்டு துண்டாக ஒரு ஷோல்டர் போல்ட். கீழே ஒரு கேள்வி: "இதுக்குப் பதிலா சாதா போல்ட் போட்டு ஓட்டலாமா?" பத்து நிமிடத்துக்குள் இருபது பேர் பதில் எழுதிவிட்டார்கள். ஓட்டலாம் என்றார்கள் சிலர். வாஷர் வைத்தால் ஓட்டலாம் என்றார்கள் சிலர். ஒருவர் கைகூப்பும் படம் போட்டிருந்தார், எதற்கென்று தெரியவில்லை. நான் ஒன்றும் எழுதவில்லை. படத்தை விரலால் பெரிதாக்கி, உடைந்த இடத்தை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இப்போது வேலை இல்லை. கொட்டகலைக் கடைவீதிக்குப் பின்னால் ஒரு அறையில் தனியாக இருக்கிறேன். காலையில் ஒரு ரயில் சத்தம், மாலையில் ஒரு ரயில் சத்தம், இடையில் நானே போட்டு நானே குடிக்கிற தேத்தண்ணி. மகள் குவைத்திலிருந்து வெள்ளிக்கிழமைகளில் பேசுவாள். மற்ற ஆறு நாளும் என் குரலை நானே மறந்துபோகிற மாதிரிதான். ஆகவே எழுத நேரம் இருக்கிறது. இவ்வளவு நீளமாக எழுதினால் பாதிப் பேர் படிக்க மாட்டீர்கள் என்பதும் தெரியும். அந்தத் தம்பி படித்தால் போதும்.

முதலில் கேள்விக்குப் பதில். போடக்கூடாது.

ஏன் என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன், பழையவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஷோல்டர் போல்ட்டுக்கு ஒரு தலை. தலைக்குக் கீழே மரை இல்லாத, வழவழப்பாகக் கடைந்த தண்டு, அதுதான் தோள். தோளுக்குக் கீழே அதைவிட ஒல்லியான மரை. சக்கரமோ கொக்கியோ அந்தத் தோளின் மேல் சுழலும். மரையை எவ்வளவு முறுக்கினாலும் தோளின் அடி இரும்பில் போய் முட்டி நின்றுவிடும், அதற்கு மேல் இறுகாது. போல்ட் அசையாமல் நிற்கும், சக்கரம் தாராளமாகச் சுற்றும். சாதா போல்ட்டில் இந்த இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். இறுக்கினால் சக்கரம் சுற்றாது, தளர்த்தினால் நட்டு நிற்காது. தையல் மெஷினிலிருந்து அச்சு மெஷின் வரை, ஆஸ்பத்திரிக் கட்டிலின் மடக்குக் கால் வரை, கழன்று விடாமல் அசைய வேண்டிய இடமெல்லாம் இந்தச் சாமான் இருக்கிறது. யாரும் அதைக் கவனிப்பதில்லை.

நானும் கவனிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு சலிக்கும் மெஷினில் ஷோல்டர் போல்ட் போன இடத்தில் சாதா போல்ட்டைப் போட்டு, சுற்ற வேண்டுமே என்று நட்டைக் கொஞ்சம் தளர்த்தியும் வைத்தேன். என்ன மூளை எனக்கு என்று நானே மெச்சிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை டீமேக்கர் ஐயா எனக்குத் தேத்தண்ணி கொடுத்தனுப்பினார். ஸ்டோரில், அதாவது நம் தேயிலைத் தொழிற்சாலையில், தயாரிப்பு முழுவதுக்கும் பொறுப்பான அதிகாரி மெஷின் பழுதுபார்க்கிற ஒரு பிட்டருக்குத் தேத்தண்ணி அனுப்புகிற வழக்கம் கிடையாது. கோப்பையைத் தூக்கினால் சாசரில் என் நட்டு. தேயிலையில் இரும்பு கிடந்தால் பிடிக்கிற காந்தத்தில் அது ஒட்டியிருந்திருக்கிறது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றார்.

அந்த நட்டு கறுப்பு இரும்பு, அதனால் காந்தம் பிடித்தது. பளபளக்கிற ஸ்டீலாக இருந்திருந்தால் காந்தத்துக்கு டிமிக்கி கொடுத்துவிட்டுப் பெட்டிக்குள் போயிருக்கும். கொழுந்துச் சாறு இரும்பை அரிக்கிறது, மழைக்குத் துருப்பிடிக்கிறது என்று எல்லா இடத்திலும் ஸ்டெயின்லெஸ் போடுகிறவர்கள் இதையும் யோசியுங்கள். ஈரம் படும் இடத்துக்கு அது நல்லது. பாரம் தூக்கும் இடத்துக்கு, பக்குவமாகச் சூடுகாட்டிய கலப்பு எஃகுதான். பித்தளை லேசான வேலைக்கு. இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கும். நான் எழுத வந்தது புத்தகத்தில் இல்லாதது.

நான் கடைசியாக வேலை செய்த ஸ்டோர் பொகவந்தலாவைப் பக்கம். அங்கே கொழுந்துச் சாக்குகளைக் கீழேயிருந்து வாட்டும் மாடிக்குக் கொண்டுபோகக் கூரையோரமாக ஒரு தண்டவாளம் ஓடும். அதில் சங்கிலி இழுக்கிற சிறு வண்டிகள். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கொக்கி, அந்தக் கொக்கி ஆடுவதற்கு ஒரே ஒரு ஷோல்டர் போல்ட். கீழே சாக்கை மாட்டிவிட்டால் அது ஆடி ஆடி ஆட்களின் தலைக்கு மேலே ஏறிப்போகும். சாக்கு தலைக்கு மேலே போகிறது என்பதை எல்லாரும் மறந்து வருடக்கணக்காகிவிட்டது. கீழே நின்று கதை பேசுவார்கள், குடையை உதறுவார்கள்.

சாக்கை மாட்டுகிற வேலை யோகேஸ்வரிக்கு. நாற்பத்தைந்து வயது இருக்கும். இருபது வருடம் மலையில் கொழுந்து எடுத்து இடது முழங்கால் தேய்ந்துபோனவள். கெஞ்சிக் கூத்தாடி ஸ்டோருக்குள் ஒரு வேலை வாங்கியிருந்தாள். கூரைக்குக் கீழே, சமதரையில் நின்று செய்கிற வேலை அவளுக்குச் சொர்க்கம். காலையில் என்னைப் பார்த்தால், "என்ன அண்ணே, இன்னைக்காவது சாப்புட்டீங்களா?" என்று கேட்பாள். மனைவி போன பிறகு என்னிடம் அதைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராமல், எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சரியாக அப்போதுதான் கொக்கி போல்ட்டுகள் தேய்ந்துபோயின. பன்னிரண்டு போல்ட்டுகள் பாதியாகத் தேய்ந்து, கொஞ்சம் வளைந்தும் இருந்தன. அந்தத் தண்டவாள லைனை நிறுத்தினேன். கொழும்பில் இல்லை, கண்டியில் இல்லை. கொழுந்து குமிகிற மாதம் வேறு. சாக்குகளை முதுகில் சுமந்து மாடிப்படி ஏறினார்கள். சுமந்து முடியவில்லை. கட்டிய சாக்குக்குள் கை விட்டால் சூடாக இருந்தது. "ஆரோக்கியம், இன்னும் ரெண்டு நாள் இப்படியே போனா கொழுந்து சாக்குக்குள்ளயே செவந்துரும்," என்றார் டீமேக்கர். இவர் பழைய சாசர் ஐயா இல்லை, வேறு ஒருவர், என்னைவிட இருபது வயது இளையவர். பாவம், அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

நானே கடைந்து தருகிறேன் என்றேன். ஒரு பழைய லொறி ஆக்சிலை வெட்டிப் பன்னிரண்டு போல்ட்டுகள் கடைந்தேன். அழகாகத்தான் வந்தன, அதில் சந்தேகமே வேண்டாம். இவை சீக்கிரம் தேயக்கூடாது என்று மாலையில் டிரையர் அடுப்பின் நெருப்பில் சிவக்கவைத்து எண்ணெயில் போட்டேன். ஆறிய பிறகு அரத்தால் இழுத்துப் பார்த்தேன். அரம் வழுக்கிக்கொண்டு போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இந்த இடத்தில் நான் விட்டதை உங்களில் பலர் பிடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பிடிக்க வேண்டும். எண்ணெயில் போட்ட எஃகை அப்படியே விடக்கூடாது, திரும்ப இளஞ்சூட்டில் வாட்டி அதன் முறைப்பைக் கொஞ்சம் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் அது கண்ணாடிக் குணத்துக்கு வந்துவிடும். எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். இரண்டு மணி நேர வேலை. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குக் காலையிலே ஹட்டனுக்குப் போய் நட்டு வாங்க வேண்டும், வந்ததும் மாட்ட வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனதில் அந்த இரண்டு மணி நேரம் எங்கேயோ நழுவிவிட்டது. நான் நழுவ விட்டேன்.

ஹட்டனில் நான் வழக்கமாகச் சாமான் வாங்குகிற இரும்புக்கடை ஒரு முஸ்லிம் நண்பருடையது. அவர்கள் வழக்கப்படி, அண்ணன் என்கிற மரியாதையில், நானா என்றுதான் கூப்பிடுவேன். படித்த படிப்பு எட்டாம் வகுப்பு, ஆனால் இரும்பைக் கையில் எடுத்தால் அதன் ஜாதகத்தையே சொல்வார். நட்டின் அளவு பார்ப்பதற்காக என் போல்ட் ஒன்றைக் கொடுத்தேன். அவர் அதைத் தராசுத் தட்டின் விளிம்பில் லேசாகத் தட்டிச் சத்தம் கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"திரும்ப வாட்டினீங்களா அண்ணே?"

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அதில் ஒருவர் வேறொரு தோட்டத்துப் பிட்டர். முப்பத்தேழு வருடம் வேலை செய்தவனிடம் கேட்கிற கேள்வியா என்று எனக்குச் சுருக்கென்றது.

"வாட்டியாச்சு நானா," என்றேன்.

"அப்ப சரி," என்று நட்டுகளை எண்ணித் தந்தார். கல்லாவுக்குக் கீழே தன்னிடம் அதே அளவில் ஸ்டெயின்லெஸ் ஷோல்டர்கள் ஒரு பெட்டி இருப்பதாகவும், ஆனால் பாரம் தொங்குகிற இடத்துக்குத் தான் அவற்றைத் தரமாட்டேன் என்றும் சொன்னார். விற்கக்கூடிய சாமானை வேண்டாம் என்று சொல்லக்கூடிய மனிதர் அவர். அவரிடம் போய்ப் பொய் சொன்னேன்.

பிற்பகலில் பன்னிரண்டையும் மாட்டினேன். லைன் ஓடியது. டீமேக்கர் என் முதுகில் தட்டினார். யோகேஸ்வரி, "ஆரோக்கியம் அண்ணே இல்லாட்டி நம்ம முதுகெல்லாம் ஒடிஞ்சிருக்கும்," என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்குத் தித்தித்தது. மறுநாள் வாட்டலாம், ஞாயிற்றுக்கிழமை வாட்டலாம் என்று நினைத்தேன். ஓடுகிற லைனை யார் நிறுத்துவார்கள்?

பதினெட்டு நாள் ஓடியது. பத்தொன்பதாம் நாள், மழைக்குளிர் பிடித்த ஒரு காலை, ஏழரை மணி இருக்கும், மேலே ஏறிக்கொண்டிருந்த சாக்கு ஒன்று தொப்பென்று விழுந்தது. கீழே யாரும் இல்லை. சாக்கு வெடித்துக் கொழுந்து தரையெல்லாம் சிதறியது. நான் ஓடிப்போய் முதலில் போல்ட்டைத்தான் தேடினேன். இரண்டு துண்டும் கொழுந்துக்குள் கிடந்தன. தோளும் மரையும் சேருகிற கழுத்தில் நேர்வெட்டாக உடைந்திருந்தது. வளைவு இல்லை, நெளிவு இல்லை. உடைந்த முகத்தில் சீனி கொட்டியது போலச் சாம்பல் நிறப் பொடிமணிகள். பார்த்த அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. துண்டுகளைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இத்தனை கிலோவுக்கு மேல் ஒரு சாக்கில் கட்டக்கூடாது என்று சுவரில் எழுதியிருக்கும். கொழுந்து குமிகிற மாதத்தில் அந்த எழுத்தை யாரும் படிப்பதில்லை. காலால் அமுக்கி அமுக்கித்தான் கட்டுவார்கள். அப்படிக் கட்டினால்தான் வேலை ஓடும் என்று டீமேக்கருக்கும் தெரியும், தோட்டத்தை நடத்துகிற தொரைக்கும் தெரியும். எல்லாரும் செய்வதால் அது தப்பாக இல்லாமல் இருந்தது. ஒன்று விழுந்ததும் தப்பாகிவிட்டது.

விழுந்த சாக்கை மாட்டியவள் யோகேஸ்வரி. "எல்லாருந்தான் அமுக்கிக் கட்டுறோம் ஐயா," என்றாள். விழுந்தது உன் சாக்கு என்றார் டீமேக்கர். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்ன ஆரோக்கியம், பாரம் தாங்காமத்தானே?"

எனக்குப் பையில் இரண்டு துண்டும் கனத்தன. எனக்கு அப்போது அறுபது தாண்டிவிட்டது, வருடத்துக்கு ஒரு தடவை தொரை பார்த்து நீட்டித் தருகிற வேலை. வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். அது பெரிதில்லை, எங்காவது ஒரு அறை கிடைக்கும். நான் பயந்தது வேறு ஒன்றுக்கு. வீட்டில் பேச ஆள் இல்லாத எனக்கு அந்த ஸ்டோரின் இரைச்சல்தான் துணை. காலை ஐந்தரைக்குக் கொழுந்து உருட்டுகிற ரோலர் சத்தம் கேட்டால்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்று தோன்றும். அதை விட்டுப் போவதற்கு எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

"பாரம் கூடத்தான் ஐயா," என்றேன்.

பாருங்கள், அது பொய்கூட இல்லை. சாக்கில் பாரம் கூடத்தான் இருந்தது. ஆனால் பழைய போல்ட் அந்தப் பாரத்துக்கு வளைந்திருக்கும், கொக்கி சரிந்திருக்கும், யாராவது பார்த்து என்னைக் கூப்பிட்டிருப்பார்கள்.

இன்றைக்கு ஸ்டோரில் உனக்குப் பேர் இல்லை, அதாவது நாட்கூலி விழாது, மலைக்குக் கொழுந்து எடுக்கப் போ என்று அவளை அனுப்பினார்கள். பெரட்டுக்களத்தில் வேலை பிரித்து முடிந்து ஆட்கள் போய்விட்டார்கள், அவள் தனியாகத்தான் போனாள். மழைக்குப் போர்த்துகிற கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு, இடது காலைக் கொஞ்சம் இழுத்து, செங்குத்தான மலைப்பாதையில் ஏறிப்போனதை வாசலில் நின்று பார்த்தேன். ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். என்னையா, ஸ்டோரையா என்று தெரியாது.

நான் ஒன்றுமே செய்யாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். அதுதான் இதில் கேவலம். நிறையச் செய்தேன். லைன் ஏறுகிற இடத்துக்குக் கீழே கயிறு கட்டி, எண்ணெய் சொட்டுகிறது, யாரும் இந்தப் பக்கம் வராதீர்கள் என்று ஆட்களை விலக்கினேன். பகல் சாப்பாட்டுக்கு லைன் நிற்கும்போது மிச்சம் பதினொன்றையும் கழற்றி அடுப்பில் வாட்டிவிடலாம், யாருக்கும் தெரியாமல் எல்லாம் சரியாகிவிடும், நாலு நாளில் டீமேக்கரிடம் சொல்லி யோகேஸ்வரியையும் திரும்ப எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். யாருக்கும் அடிபடாது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கயிற்றை இரண்டு தடவை இழுத்துக்கூடப் பார்த்தேன், உறுதியாக இருக்கிறதா என்று.

பதினொன்றே முக்காலுக்கு இரண்டாவது சாக்கு விழுந்தது.

கயிற்றுக்குள்தான் விழுந்தது, யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் நடந்ததுக்குப் பயந்து ஒவ்வொரு சாக்கையும் தராசில் நிறுத்துத்தான் மாட்டிக்கொண்டிருந்தார்கள். டீமேக்கர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் எழுதிய அளவுக்குள்தான் அந்தச் சாக்கு இருந்தது. லைனை நிறுத்தினார்கள். டீமேக்கர் சாக்கைப் பார்த்தார், மேலே பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். எண்ணெய் எங்கேயும் சொட்டவில்லை.

நான் பையிலிருந்து இரண்டு துண்டையும் எடுத்துத் தராசில் வைத்தேன். "இது காலையில விழுந்தது ஐயா. என் போல்ட்டுதான் பிழை. திரும்ப வாட்டாம போட்டுட்டேன்," என்றேன். சொல்லி முடித்ததும் மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை.

அவர் பதில் சொல்வதற்குள் மலையிலிருந்து ஓர் ஆள் ஓடிவந்தான். ஈரப் பாதையில் யோகேஸ்வரி வழுக்கி விழுந்துவிட்டாள், எழுந்து நிற்க முடியவில்லை, டிராக்டர் வேண்டும் என்றான். அதே இடது முழங்கால். தேய்ந்திருந்தது, இப்போது பிரண்டுவிட்டது.

நான் கயிறு கட்டி ஆட்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அடிபட்டது கயிற்றுக்கு வெளியே, ஒரு மைல் தள்ளி.

மிச்சம் பத்துப் போல்ட்டையும் அன்றே கழற்றினேன். ஒன்றை இடுக்கியில் பிடித்துச் சுத்தியலால் ஒரே ஒரு அடி. பிஸ்கட் மாதிரி உடைந்தது. அங்கிருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகும் யாரும் என்னைக் கேவலமாகப் பேசவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். நான் போய் உட்கார்ந்தால் ஒவ்வொருவராக வேலை இருக்கிறது என்று எழுந்து போனார்கள். யோகேஸ்வரி குற்றம் செய்யவில்லை என்று தொரை, காலையில் எல்லாரும் கூடுகிற பெரட்டிலேயே சொல்ல வைத்தார், ஸ்டோரில் அவள் வேலை அவளுக்குத்தான் என்றும் சொன்னார். வேலை இருந்தது, நிற்பதற்குக் கால்தான் இல்லை. என்னைக் கூப்பிட்டு, "இந்த மாசத்தோட போதும் ஆரோக்கியம்," என்றார். குரலில் கோபம் இல்லை. நான் சரிங்க என்று வந்துவிட்டேன்.

நானாவிடமும் போய்ச் சொன்னேன். அன்று தராசுத் தட்டில் தட்டிய சத்தத்திலேயே தனக்குத் தெரிந்துவிட்டது என்றார் அவர். ஆட்களுக்கு முன்னால் கேட்டதுதான் தன் பிழை, உள்ளே கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும் என்றார். என் பொய்யில் பாதியை அவர் எடுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை.

வட்டவளைத் தம்பிக்குச் சொல்கிறேன். உங்கள் படத்தில் உடைந்த முகம் சீனி மாதிரி இருக்கிறது. கழுத்தில் வளைவே இல்லை. அது எங்கே செய்தது, யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. அது கொக்கியா, சக்கரமா என்றும் கேட்கவில்லை. லைனை இப்போதே நிறுத்துங்கள். துண்டுகளைப் பையில் போடாதீர்கள், மேசையில் வையுங்கள், எல்லாரும் பார்க்கிற மாதிரி. அதற்குப் பிறகு உங்களைப் பற்றி யோசியுங்கள். இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்று நான் எழுதிவிட்டேன். எனக்குப் பதில் போட வேண்டாம், முதலில் நிறுத்துங்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டு நான் கிளம்பிய நாள். ஒரு பெட்டி, ஒரு பை. பஸ் நிற்கும் இடத்தில் யோகேஸ்வரி ஒரு கம்பை ஊன்றி நின்றாள். ஹட்டனுக்குக் கிளினிக் போகிறாள். வேறு யாரும் இல்லை. மழை தூறியது, தகரக் கூரைக்குக் கீழே இரண்டு பேரும் நின்றோம். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. அவள் வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்பாள் என்று எனக்கு ஒரு நப்பாசை, சாப்பிட்டீங்களா என்று. கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோதே கேட்டிருந்தேன், அப்போது தலையைத்தான் ஆட்டினாள்.

பஸ் வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டபோது அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"அந்த ரெண்டாவது சாக்கு விழலேன்னா சொல்லியிருப்பீங்களா அண்ணே?"

சொல்லியிருப்பேன் என்று சொல்ல ஆசையாக இருந்தது. மத்தியானம் வாட்டிவிட்டு, நாலு நாள் கழித்து, எப்படியாவது. ஆனால் இந்த ஒரு பெண்ணிடமாவது இனிமேல் பாதி உண்மை சொல்லக்கூடாது என்று தோன்றியது.

"தெரியல தங்கச்சி," என்றேன்.

அவள் சரி என்பது போலத் தலையை ஆட்டினாள். அது மன்னிப்பா, முடிவா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பஸ் வந்தது. கம்பை முதலில் ஏற்றி, பிறகு காலை ஏற்றி, முன்பக்கமாக ஏறி இரண்டு பேர் உட்காருகிற ஆசனத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கையைக் கொடுக்கலாம் என்று போனேன், கொடுக்கவில்லை. பின்பக்கமாக ஏறிப் பெட்டியைக் கீழே வைத்தேன். மற்ற ஆசனங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. அவள் பக்கத்து இடம் மட்டும் காலியாக இருந்தது. தன் குடையையும் பையையும் மடியில் வைத்திருந்தாள், அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. உட்காருங்கள் என்று சொல்லவும் இல்லை.

நான் ஹட்டன் வரை நின்றுகொண்டே போனேன்.